அடையாள அட்டைக் கொப்பி அலுமாரி: ஒரு தவணைக் கடையும் தரவுச் சட்டமும்

இலங்கையின் மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு சின்ன டவுன். டிவி, ஃபிரிஜ், கேஸ் குக்கர், போன், தையல் மெஷின் என்று எதையும் தவணைக்குக் கொடுக்கும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. பெயர் வேண்டாம், ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். முதலாளி, ஒரு கிளார்க், கடையில் நிற்கும் பிள்ளைகள் இருவர், மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் காசு சேர்க்கும் பொடியன்கள் சிலர். நிறுவனம் என்றால் அவ்வளவுதான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் வங்கிக்கும் போன் கம்பெனிக்கும்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இந்தக் கடையை எடுத்துக்கொண்டேன். பதிவேடுகளைப் பார்த்துத் தரச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார், பார்த்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

நடந்தது

அந்த அம்மா ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து எடுப்பவர். தையல் மெஷின் ஒன்றைத் தவணைக்கு எடுத்திருந்தார். வரட்சியில் கொழுந்து குறைந்து, நோம் கிலோ (ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு) வராத நாட்களில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) மட்டும் விழுந்து, இரண்டு தவணை தவறிப்போனது. மலையகத்தில் எந்தத் தவணைக் கடைக்கும் இது புதிதல்ல, சம்பள நாளைப் பார்த்து வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

காசு சேர்ப்பவர்களுக்கென்று கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. மாதக் கடைசியில் அதில் நிலுவைப் பட்டியல் போடுவது வழக்கம்: பெயர், தோட்டம், பிரிவு, லய (தோட்டக் குடியிருப்பு வரிசை) இலக்கம், காம்பரா (அறை), பாக்கித் தொகை, ஆள் மாறிவிடக் கூடாதென்று அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படமும். குரூப்பில் இருந்த ஒருவர் அதே பிரிவின் கோயில் திருவிழாக் குரூப்பிலும் இருந்தார். பட்டியல் அங்கே போய்விட்டது. கை தவறி அனுப்பிவிட்டேன் என்கிறார் அவர், பிரிவில் ஒருவரும் நம்பவில்லை. அன்று மாலைக்குள் யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

அத்தோடு நிற்கவில்லை. அந்த அம்மாவின் மகள் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். போமில் ‘தொடர்புகொள்ளக்கூடிய உறவினர்’ என்ற கட்டத்தில் அவருடைய நம்பரை எழுதியிருந்தார்கள். அவர் பிணையாளர் அல்ல, எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட்டவரும் அல்ல. அவர் போனை எடுக்காததால் பொடியன் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வேலைசெய்யும் கடையின் பெயரைத் தேடிப் பிடித்து, அந்தக் கடைக்கே எடுத்து, “உங்ககிட்ட வேலை செய்யிற பிள்ளையோட அம்மா எங்களுக்குக் காசு தரணும்” என்று சொல்லிவிட்டான்.

மகள் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது கையால் எழுதிய கடிதம் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி உங்களிடம் என்னென்ன இருக்கிறது, அம்மாவின் அடையாள அட்டைப் படத்தை யார் யாருக்கு அனுப்பினீர்கள், என்னுடைய நம்பரை எதற்கு வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அழியுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய கடிதம். முதலாளி அதை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்: “அவங்க அம்மா கையெழுத்து போட்டுத்தானே எல்லாத்தையும் குடுத்தாங்க? நாங்க என்ன களவாவா எடுத்தோம்?”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம்மூரில் பெரிய பெரிய நிறுவனங்களும் இந்தக் கையெழுத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சட்டம் எந்த நிலையில் இருக்கிறது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022 மார்ச் 19 அன்று சபாநாயகர் சான்றுரை கொடுத்தார். இந்தியாவின் சட்டம் 2023இல்தான் வந்தது, நாம் ஒரு வருடம் முந்தி. ஆனால் அந்த மார்ச் மாதத்தில் நாடே கேஸுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்றது, சட்டம் வந்த செய்தி யார் காதில் விழும்? தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைக்கும் பாகம் 2023 யூலை 17 முதலும், வேறு சில பாகங்கள் 2023 டிசம்பர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்களின் கடமைகளையும் மக்களின் உரிமைகளையும் சொல்லும் முக்கியமான பாகங்கள் 2025 மார்ச் 18 முதல் வருவதாக இருந்து, கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டன. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது.

ஆகவே கடிதம் வந்த நேரத்தில் கடைக்காரர் பதில் சொல்லாமல் இருந்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ் உடனே யாரும் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். பிறகு ஏன் அவர் அக்கறைப்பட்டார் என்றால், காரணம் சட்டமல்ல, கொழும்பு. இந்தக் கடையின் தவணைக்கு முதல் போடுவது கொழும்பில் உள்ள ஒரு நிதி நிறுவனம். கடைகள் வாடிக்கையாளர் தரவை எப்படி வைத்திருக்கின்றன என்று கேட்டு அவர்கள் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலை அனுப்பியிருந்தார்கள், முழுக்க ஆங்கிலத்தில். கிளார்க் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று குறியிட்டு அனுப்பவிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மகளின் கடிதமும் வந்தது. சின்ன இடங்களுக்கு இந்தச் சட்டம் இப்படித்தான் வந்து சேரப்போகிறது: அதிகார சபையின் அதிகாரி ஜீப்பில் வருவதற்கு முன்னால், மேலே இருக்கும் பெரிய நிறுவனம் தன் தலையைக் காத்துக்கொள்ளக் கீழே அனுப்பும் கடதாசியாக.

தண்டப்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை, திரும்பச் செய்தால் இன்னும் கூட. இதைச் சொல்லியே பயமுறுத்திப் பயிற்சி வகுப்பு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோடி என்பது உண்மை, ஆனால் அது வரும் வழி வேறு. அதிகார சபை முதலில் இதைத் திருத்து, இதை நிறுத்து என்று பணிப்புரை கொடுக்கும், அதை மதிக்காவிட்டால்தான் தண்டம். மீறலின் தன்மை, பாதிப்பு, நிறுவனம் தானாக எடுத்த நடவடிக்கை எல்லாம் தொகையைத் தீர்மானிப்பதில் பார்க்கப்படும். திருத்திக்கொள்ள மனமுள்ள ஒரு தவணைக் கடை முதல் நாளே ஒரு கோடிக்கு நடுங்க வேண்டியதில்லை.

அலுமாரியில் இருந்தது

இரும்பு அலுமாரி ஒன்று, பூட்டு வேலை செய்யவில்லை. உள்ளே கடை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த ஃபைல்கள். கடனைக் கட்டி முடித்துப் பல வருடமானவர்களும், கேட்டுவிட்டுச் சாமான் எடுக்காமல் போனவர்களும் அதற்குள் இருந்தார்கள். ஒவ்வொரு ஃபைலிலும் வாடிக்கையாளரின் அடையாள அட்டைக் கொப்பி, பிணையாளர் இருவரின் கொப்பி, கிராம சேவகர் கடிதம், சம்பளச் சீட்டு, சில இடங்களில் கணவரின் அல்லது மனைவியின் கொப்பியும்.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைக்கிறோம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கடைசியில் வரும் வி அல்லது எக்ஸ் எழுத்து, அட்டை எடுத்த நேரத்தில் அவர் வாக்காளரா இல்லையா என்பதைச் சொல்லும். வெறும் பட்டியலில் அந்த ஒரு வரி இருந்தாலே வயதும் பாலினமும் கைக்கு வந்துவிடுகின்றன, படம் வேறு எதற்கு?

போமில் இன்னொரு கட்டம்: இனம், மதம். தையல் மெஷின் விற்க மதம் எதற்கு என்று கிளார்க்கிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, முந்தைய கிளார்க் எங்கிருந்தோ ஒரு போமைப் பார்த்து டைப் செய்தாராம். இலங்கையில் எந்த போமை எடுத்தாலும் இந்த இரண்டு கட்டமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தச் சட்டத்தில் இனத்தையும் மத நம்பிக்கையையும் காட்டும் தரவு ‘விசேட வகை’யைச் சேர்ந்தது. உடல்நலம், அரசியல் கருத்து, கைரேகை போன்ற உயிரளவைத் தரவு, குற்ற வழக்குகள் பற்றிய விவரம், பிள்ளைகளின் தரவு எல்லாம் அதே வகை. இவற்றைத் தொட வேண்டுமானால் சாதாரணத் தரவைவிடக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. யாருக்கும் பயனில்லாத ஒரு கட்டத்தால் கடை தானாகப் போய் அந்தக் கடுமையான பகுதிக்குள் உட்கார்ந்திருந்தது.

சரி, போமைவிட மோசம் பொடியன்களின் கொப்பி. காசு சேர்ப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டுக் கொப்பி வைத்திருக்கிறார்கள், தொழிலின் மூளையே அதுதான். ‘புருஷன் குடி, காசை அக்கா கையில் கேள்.’ ‘மகன் ரிமாண்டில், இந்த மாசம் போகாதே.’ ‘ஆஸ்பத்திரி, கிட்னி.’ ‘பேரப்பிள்ளை மட்டும் வீட்டில், ஸ்கூல் விட்டு வந்தால் கேட்டால் சொல்லும்.’ இவற்றில் ஒன்றும் பொய்யில்லை, பல சமயம் மனிதத்தன்மையோடு நடந்துகொள்ளவே எழுதியிருக்கிறார்கள், ரிமாண்டில் என்றால் அந்த மாதம் அந்த வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் உடல்நலம், குற்ற வழக்கு, பிள்ளை என்று விசேட வகைகள் வரிசையாக அந்தக் கொப்பியில் நிற்கின்றன, சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாமல். கொப்பி கடைக்குச் சொந்தமா பொடியனுக்குச் சொந்தமா என்பதும் தெளிவில்லை. முந்தி வேலை செய்த ஒருவர் எதிர்க்கடைக்கு மாறியபோது கொப்பியையும் போனையும் கையோடு கொண்டுபோய்விட்டார். ஒரு பள்ளத்தாக்கு முழுவதன் குடும்ப விவரமும் சட்டைப் பைக்குள் கடை மாறிப் போனது. அதைத் தரவு மீறல் என்று யாரும் நினைக்கவில்லை, ‘பிஸ்னஸ் போச்சு’ என்றுதான் முதலாளி கவலைப்பட்டார்.

கொப்பி என்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்க இடமில்லை. சேகரிப்பது, வைத்திருப்பது, எடுத்துப் பார்ப்பது, வெளியே விடுவது, அழிப்பது எல்லாவற்றையும் சட்டம் ஒரே சொல்லில் அடக்குகிறது, கொம்பியூட்டரில் இருந்தால்தான் செல்லும் என்று அது சொல்லவில்லை. சொந்த வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விவரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. திருவிழாக் குரூப்பில் போட்டவர் அந்த விலக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கலாம், கடையால் முடியாது. குரூப்பைத் தொடங்கியது கடை, பட்டியலைப் போட்டதும் கடையின் ஆள்.

கையெழுத்து வாங்கியாயிற்றே

முதலாளியின் கேள்விக்கு வருவோம். போமின் அடியில் ஒரு வரி: ‘எனது விவரங்களை நிறுவனம் தேவையான எந்த விதத்திலும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.’ போம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், அதுவும் மெல்ல. சம்மதம் பெற்றதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம், அதுவும் புரியக்கூடிய எளிய மொழியில் தனியாகத் தெரியும்படி கேட்டிருக்க வேண்டும், திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். சாமான் வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடு என்றால் அது சுதந்திரமான சம்மதமா என்ற கேள்வியும் வரும். இந்தக் கையெழுத்து ஒரு சோதனையிலும் தேறாது.

அதைவிட முக்கியம், கடைக்கு அந்தச் சம்மதம் தேவையே இல்லை. சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் சம்மதம் ஒன்று மட்டும்தான். ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவை என்பது இன்னொரு காரணம், சட்டக் கடமை, உயிராபத்து, பொதுநலன், நிறுவனத்தின் நியாயமான நலன் என்று மேலும் உண்டு. தவணைக்குச் சாமான் கொடுத்தவருக்குப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பாக்கித் தொகை தேவை என்பது ஒப்பந்தத்தின் உள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனிக் கையெழுத்து வேண்டாம். ஒப்பந்தத்துக்குத் தேவையில்லாததை, மகளின் நம்பரை, மதத்தை, இரண்டாவது பிணையாளரின் மனைவியின் அட்டையை, எத்தனை கையெழுத்து வாங்கினாலும் காப்பாற்றுவது கஷ்டம். சம்மதக் கடதாசியை அழகாக மாற்றி எழுதுவதில் செலவழிக்கும் நேரத்தை, எதை வாங்காமல் விடலாம் என்று யோசிப்பதில் செலவழித்தால் பாதி வேலை முடிந்துவிடும். இந்தக் கடையைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து வந்த கேள்விப் பட்டியலில் சம்மதம் பற்றித்தான் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள், எவ்வளவு குறைவாக வாங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை.

மலையகத்தில் சம்மதத்தை நம்பி எதையும் கட்ட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடதாசி கேட்டால் ‘எதற்கு’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இங்கே வளர விடப்படவில்லை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தோடு மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், காரணம் அப்பனும் பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டக் கடதாசி இல்லாததுதான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை சிலருக்கு அந்தக் கதை முடியவில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் கிடைப்பதே பெரிய காரியம், யார் கேட்டாலும் உடனே எடுத்துக் காட்டிவிடுவது பாதுகாப்பு என்று பழகியிருக்கிறார்கள். தவணைக் கடையில் கேட்டாலும் அதே பழக்கம்தான். ‘விரும்பித்தானே கொடுத்தார்கள்’ என்பவர் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடிதத்துக்குப் பதில்

மகளின் கடிதத்துக்குள் இரண்டு பேரின் உரிமை கலந்திருந்தது, அதைப் பிரிப்பதுதான் முதல் வேலை. அவருடைய சொந்த நம்பர், வேலைசெய்யும் இடம் பற்றி அவரே கேட்கலாம். அவர் ஒப்பந்தத்தில் இல்லை, அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. அந்த விவரத்தை வைத்திருக்கக் கடைக்கு ஒரு காரணமும் கிடையாது, ஆகவே அழிக்க வேண்டியதுதான், வாதமே இல்லை.

அம்மாவின் விவரம் வேறு. அதை அம்மாதான் கேட்க வேண்டும், அல்லது மகள் கேட்கலாம் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மகள் என்பதற்காக அம்மாவின் கணக்கை எடுத்துக் கொடுத்தால், அந்தக் கணக்கை மற்றவர்களிடம் சொன்ன அதே தவறையே கடை இன்னொரு முறை செய்ததாகிவிடும். அழிப்பதற்கும் எல்லை உண்டு. தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தத்தையும் லெட்ஜரையும் அழிக்கச் சொல்ல முடியாது. அடையாள அட்டைப் படத்தை அழிக்கச் சொல்லலாம்.

2022 சட்டத்தின் மூல வாசகத்தின்படி இப்படி ஒரு கோரிக்கைக்கு நிறுவனம் 21 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும், திருப்தியில்லை என்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். கட்டாயம் இன்னும் இல்லாவிட்டாலும் அந்தக் கெடுவையே வைத்துக்கொள்வோம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். கிளார்க் உற்சாகமாக ஒரு யோசனை சொன்னார்: கடிதம் எழுதியது அவர்தான் என்று உறுதிப்படுத்த அவருடைய அடையாள அட்டைக் கொப்பியை முதலில் அனுப்பச் சொல்லலாமாம். அடையாள அட்டைக் கொப்பியைப் பற்றிய முறைப்பாட்டைக் கவனிக்க இன்னுமொரு அடையாள அட்டைக் கொப்பி! கடையில் இருக்கும் நம்பருக்கே அழைத்துப் பேசினால் போதும் என்று முடிவாயிற்று.

பதிலை எப்படி அனுப்புவது என்பதில் ஒரு சிக்கல். லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஒஃபிசுக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் பிரிவுக்கு வந்து சேரும். எத்தனை கண் படும், எப்போது வரும், வந்தே சேருமா என்பதெல்லாம் அதிர்ஷ்டம். கடை இதுவரை நிலுவை நினைவூட்டலை ஒட்டாத கடதாசியில், மேலேயே தொகையை எழுதி அனுப்பி வந்தது. தோட்ட ஒஃபிஸ் கிளார்க்கிலிருந்து கடிதம் கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் வாசிக்கத் தோதான கடிதம் அது. தரவின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று சட்டம் பொதுவாகச் சொல்கிறது. கொழும்பில் அதற்குப் பாஸ்வர்ட், என்கிரிப்ஷன் என்று அர்த்தம். இங்கே அது முதலில் ஒட்டிய உறை, இரண்டாவது கையில் கொடுப்பது. வீட்டில் ஒரே போன், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் என்றால் எஸ்எம்எஸும் திறந்த கடிதம்தான்.

கடைசியில் அம்மா சம்பள நாளன்று டவுனுக்கு வந்தபோது கடையின் பின்னறையில் உட்காரவைத்து, இருப்பதை எல்லாம் தமிழில் வாசித்துக் காட்டி, பதிலைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. சம்பளச் சீட்டில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடை லெட்ஜரில் மூன்றாவது விதம் என்று அவர் பெயர் இருந்தது. பெயர் எழுதிய பதிவாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இப்படியாகும், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கப் போகும்போது இதற்காக அலைந்த குடும்பங்கள் ஏராளம். அதே பிரிவில் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார், முந்திய இரண்டு தவணை அவர் கணக்கில் வரவாகியிருந்தது. அதாவது பாக்கி என்று திருவிழாக் குரூப்பில் போட்ட தொகையே பிழை. சரியான விவரம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை வக்கீல்கள் வேகமாகத் தாண்டிப் போவார்கள், இங்கே மொத்தச் சங்கடத்துக்கும் ஆணிவேர் அதுதான்.

மாற்றியவை, மாறாதவை

போம் ஒரு பக்கமாகச் சுருங்கியது, தமிழிலும் சிங்களத்திலும். இனம், மதம், ‘தொடர்பு உறவினர்’ கட்டங்கள் போயின. பிணையாளர் ஒருவர் போதும் என்று முடிவெடுத்தார்கள், தொழிலில் அதனால் நட்டம் வருமா என்று முதலாளி இன்னமும் கணக்குப் பார்க்கிறார். அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதி, ‘பார்த்தேன்’ என்று கிளார்க் கையெழுத்திட வேண்டும், கொப்பி இல்லை. வாட்ஸ்அப் குரூப் கலைக்கப்பட்டது, ஒவ்வொருவருக்கும் அவருடைய பிரிவுப் பட்டியல் மட்டும் அச்சடித்துக் கொடுத்து மாலையில் திரும்ப வாங்குகிறார்கள்.

பழைய ஃபைல்களை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பது நம் தொழில்களின் தேசிய கீதம். எழுத்து ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடக் காலாவதிக் கட்டளைச் சட்டம் 6 ஆண்டு தருகிறது. ஆகவே ஒப்பந்தமும் கணக்கும் அந்தக் காலம் வரை இருக்கலாம், அட்டைக் கொப்பிகள் கடன் முடிந்த அன்றே போகலாம் என்று பேசி முடித்தோம். அழிக்கும் வேலையைப் பழைய கடதாசி வாங்குபவரிடம் விடக் கிளார்க் தயாரானார். அப்படி விட்டிருந்தால் யாருடைய அட்டைக் கொப்பியிலாவது ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கடலை சுற்றிக் கொடுத்திருப்பார்கள். கிழித்து நனைத்து எரித்தார்கள்.

பொடியன்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்ல முடியாது, கஷ்டப்பட்டார்கள். “நோட்டு இல்லாம நான் எந்த லயத்தில யாரைத் தேடுறது அண்ணே?” என்று ஒருவன் கேட்டது சரியான கேள்வி. அச்சடித்த தாளில் ‘சம்பள நாளுக்குப் பிறகு போ’, ‘இந்த மாதம் போகாதே’ என்று இரண்டு குறி மட்டும் போடலாம், காரணம் எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். ரிமாண்ட் என்பதும் கிட்னி என்பதும் காகிதத்தில் இல்லை, ஆனால் அந்த வீட்டுக்கு அந்த மாதம் யாரும் போவதும் இல்லை. எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். ‘க்ரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) போட்டுவிடுவோம்’ என்று மிரட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். கடன் தகவல் பணியகத்தில் அங்கத்துவம் இல்லாத ஒரு தவணைக் கடை அங்கே யாரையும் போட முடியாது, அது பச்சைப் பொய்.

தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டுமா என்று கேட்டார் முதலாளி. 2022 சட்டத்தின் மூல வாசகத்தின்படி அரச நிறுவனங்களுக்கும், பெரிய அளவில் ஆட்களைக் கண்காணிப்பதை அல்லது விசேட வகைத் தரவைக் கையாள்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும்தான் அது. மதக் கட்டத்தையும் பொடியன்களின் நோட்டுக் கொப்பியையும் விட்ட பிறகு இந்தக் கடைக்குப் பொருந்தாது. முறைப்பாடு வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று கிளார்க்கின் பெயரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தரவு கசிந்தால் ஐரோப்பாவில் 72 மணித்தியாலக் கெடு, நம் சட்டம் அந்தக் கெடுவை விதிகளுக்கு விட்டிருக்கிறது. எதற்கும் என்ன, எப்போது, யாருக்குப் போனது என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு திறந்தாயிற்று. முதல் பதிவு அந்தத் திருவிழாக் குரூப்.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை: புதிய பூட்டு, அச்சுக் கூலி, ஒட்டும் உறைகள். கிளார்க்கின் நேரம்தான் நிறையப் போனது.

குரூப்பில் போன படத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. முதலாளி பிரிவுக்கே போய், கோயில் கமிட்டித் தலைவர் முன்னால், தொகை பிழை என்று சொல்லி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். மகளின் முதலாளிக்கும் ஒரு கடிதம் போனது. மகள் பதில் எழுதவில்லை, அம்மா மிச்சத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கொழும்பு நிதி நிறுவனத்துக்குக் கேள்விப் பட்டியலை இந்த முறை உண்மையாக நிரப்பி அனுப்பினோம். பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் கீழேயே, புதிய ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளரின் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி வழக்கமான அறிவுறுத்தல். அதை எதற்குக் கேட்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கடையின் பெயரில் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை கிளார்க் இலக்கத்தை மட்டும் டைப் செய்து அனுப்புகிறார், அவர்களும் இதுவரை பணத்தை நிறுத்தவில்லை.